சிறு படமும் பெரிய படமும்



கொல்லிமலை என்றவுடன் 70 கொண்டை ஊசி வளைவுகளும், ஆகாய கங்கை அருவியும், அறப்பளீசுவரர் கோயிலும் பலருக்கும் நினைவில் எழும். இவற்றோடு மலையில் விளையும் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகுக் கதிர்களையும் சேர்த்து, 12 படங்கள் கொண்ட வலைப்பக்கம் ஒன்றைக் கணிப்பொறி வகுப்பில் நாங்கள் அமைத்தோம். இடப்புறம் தீப்பெட்டி அளவில் சிறு படங்கள் இருக்கும். சுட்டியை ஒன்றின் மேல் கொண்டு நிறுத்தினால் வலப்புறத்தில் அதன் பெரிய படமும் பெயரும் தோன்றும். சொடுக்கவும் வேண்டியதில்லை. பொருட்காட்சி வித்தை போல் இருந்ததால் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை மலையேறிய அன்றே இறங்கிவிட்டது. மலையூரில் வாழும் தோழி ஒருத்தியின் பாட்டியாரிடம் கைபேசியில் அப்பக்கத்தைக் காட்டினோம். படங்கள் வந்து சேரவே நெடுநேரம் ஆயிற்று. பின்பு பாட்டியார் விரலால் தொட்டார், ஒன்றும் நிகழவில்லை. "ஏங் கண்ணு, இத்துனூண்டுல எது சாமை, எது தினைன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார்.

காரணம் யாது? டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் சுட்டியைப் பலரறியக் காட்டினார். சுட்டிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது ஒரு பொருளை அழுத்தாமலே அதன் மேல் நிற்கும். விரலுக்கு அந்த இடைநிலை இல்லை. தொடுகிறது அல்லது தொடாமலிருக்கிறது. சில கைபேசிகள் முதல் தொடுகையை 'மேலே நிற்றல்' எனக் கொள்ளும், சில கொள்ளா. ஆகவே மேலே நின்றால் மட்டும் தெரியும் படம், கைபேசிக்காரருக்கு இல்லாத படமே. சுட்டியைப் பிடிக்க இயலாமல் விசைப்பலகையால் மட்டும் இயக்குவோருக்கும் இதே கதிதான்.

சுட்டி உள்ளவருக்காவது சுகமா என்றால் அதுவும் இல்லை. முதல் வரிசைச் சிறு படத்தில் நின்று, வலப்புறப் பெரிய படத்தை நோக்கிச் சுட்டியை நகர்த்தினால், வழியிலுள்ள மற்றச் சிறு படங்களை அது கடக்கிறது. அருவியைப் பார்க்கப் புறப்பட்டவர் கோயிலில் போய் நிற்பார்! இதை நாங்கள் பலமுறை கண்டும், "கை நடுங்குகிறது" என்று ஒருவரையொருவர் கேலி செய்தோமே தவிர, பிழை பக்கத்தில் உள்ளது என எண்ணவில்லை.

படங்கள் தாமதமாக வந்ததற்குக் காரணம் வேறு. 4 மெகாபைட் படத்தைத் தீப்பெட்டி அளவில் காட்டினாலும் 4 மெகாபைட்டும் இறங்கியே தீரும். 12 படங்களுக்கு 48 ஆயிற்று. சிறு படங்களைத் தனியே சிறிதாக்கிச் சேமித்திருக்க வேண்டும்.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட அணுகல் நெறிகளில் இதற்கென்றே ஒரு விதி உள்ளது. மேலே நிற்பதால் தோன்றும் பொருளைச் சுட்டியை அசைக்காமலே மறைக்க வழி வேண்டும். சுட்டியை அதன் மீது கொண்டுசென்றால் அது மறையக் கூடாது. பார்ப்பவர் விலகும் வரை நிலைத்திருக்க வேண்டும். இந்திய அரசு வலைத்தளங்களுக்கான 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் அத்தரத்தையே தழுவியுள்ளன.

நாங்கள் பக்கத்தைத் திருத்தினோம். ஒவ்வொரு சிறு படமும் இப்போது ஒரு பொத்தான். சொடுக்கினாலும், தொட்டாலும், டேப் விசையால் அடைந்து என்டர் விசையை அழுத்தினாலும் பெரிய படம் திறக்கும். வேறொன்றைத் திறக்கும் வரை நிற்கும். பெயர்கள் மறைந்திராமல் படத்தின் கீழேயே எப்போதும் தெரியும். வித்தை போய்விட்டதே என்று எங்களில் சிலருக்கு வருத்தந்தான்.

மறுமுறை பாட்டியார் தாமே தொட்டுத் தொட்டு எல்லாப் படங்களையும் பார்த்தார். ஐந்தாம் படத்தில் விரலை நிறுத்திச் சிரித்தார். நாங்கள் 'சாமை' என்று எழுதியிருந்த கதிர் பனிவரகாம். இரண்டின் கதிரும் விரிந்து தொங்குவதால் எங்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. பல வாரங்கள் பக்கத்திலிருந்த பிழை அது. அதைக் கண்டுபிடிக்கக் கூடியவரின் கண்ணுக்கே அது மறைந்திருந்தது. அன்று மாலையே பெயரை மாற்றினோம்.