நாற்று வளராமல் நிற்கிறதா? வேரைப் பாருங்கள்

"விதை போட்டு இருபத்தஞ்சு நாளாச்சுங்க. நல்லாத்தான் முளைச்சுது. இப்போ ரெண்டு இலையோட அப்படியே நிக்குது. என்ன ஊத்தலாம்?"

ஆடிப்பட்டம் வந்தால் வீட்டுத்தோட்ட நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. எதையும் ஊற்றுவதற்கு முன்னால், ஒரு நாற்றை மெதுவாகப் பிடுங்கி, தண்ணீரில் அலசி, வேரைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கும்.

முதலில் நாள் கணக்கு. தக்காளி நாற்று 25 நாளில் நடவுக்கு வந்துவிடும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் ஆகும். இருபது நாள் மிளகாய் நாற்று குட்டையாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் வரும்.

வேர் பழுப்பாகி அழுகியிருந்தால் தண்ணீர் அதிகம். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். குழித்தட்டின் அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா பாருங்கள். மண்ணை ஒட்டிய தண்டு நூலாக மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. அடுத்த முறை கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கணக்கில் விதைநேர்த்தி செய்யுங்கள். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போதும்.

வேர் குட்டையாக, இலை வெளுத்து இருந்தால் தென்னைநார்க் கழிவைச் சந்தேகப்படுங்கள். கட்டியாக வாங்கியதை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு வேரைத் தடுக்கும். மக்காத கழிவென்றால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்களே தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். ஊறவைத்து, டீ நிறம் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். செம்மண், மண்புழு உரம், அலசிய நார்க்கழிவு மூன்றும் சம அளவு கலந்தால் நாற்றுக்குப் போதும்.

இலை ஓரமும் வேர் நுனியும் கருகியிருந்தால் மக்காத சாணம் காரணமாக இருக்கலாம். இது நானே பட்ட பாடு. ஒரு வருஷம் அவசரத்தில் பச்சைச் சாணத்தை மண்ணோடு கலந்துவிட்டேன். அதன் சூட்டிலும் அமோனியாவிலும் நாற்பது கத்தரி நாற்று நின்றுபோச்சு. ஏதேதோ ஊற்றிப் பார்த்து இருபது நாள் கடத்தினேன். பட்டமும் போச்சு, அந்த வருஷம் கத்தரிக்காயைக் கடையில்தான் வாங்கினோம்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. ஆனால் அவரை, தட்டைப்பயறு வேரில் முடிச்சைக் கண்டு பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். விரலால் தட்டினால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நன்மை செய்யும் ரைசோபியம். நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும். அந்த மண்ணில் மறுபடி நாற்று விடாமல், வேப்பம் புண்ணாக்கு கலந்து செண்டுமல்லி போடுங்கள்.

வேர் நன்றாக இருந்து, மிளகாய் இலை மட்டும் சுருண்டிருந்தால் பூச்சி. மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தி.

காரணத்தைச் சரிசெய்த பிறகுதான் ஊட்டம். பஞ்சகவ்யா வளர்ந்த செடிக்கு லிட்டருக்கு 30 மில்லி, நாற்றுக்கு அதில் பாதி போதும். பழைய இலை தேறாது, புதுத் தளிரைக் கவனியுங்கள். பத்து நாளில் தளிர் வரவில்லையென்றால் மல்லுக்கட்டாமல் மறுவிதைப்பு செய்யுங்கள். அதற்காகவே, எப்போதும் பாதி விதையைக் கையில் வைத்துக்கொண்டு விதையுங்கள்.