இளம் ஆட்டக்காரனின் வளர்ச்சியும் நம் பதற்றமும்

ஈப்போ நகரிலாகட்டும், சுங்கை சிப்புட்டிலாகட்டும், மாலை வேளையில் ஒரு தேநீர்க் கடையில் சற்றே அமர்ந்து செவி கொடுத்தால், "அந்தப் பையன் என்ன ஆனான்?" என்ற கேள்வி எப்படியும் காதில் விழும். பத்திரிகைகள் ஒரு காலத்தில் வானளாவப் புகழ்ந்த இளங்காற்பந்து வீரன் எவனையேனும் பற்றியதாக அது இருக்கும். கேட்பவர் குரலில் பாதி அக்கறை, பாதி குற்றச்சாட்டு. தம் வீட்டுப் பிள்ளை தேர்வில் தவறியது போன்ற மனத்தாங்கல் அதில் தொனிக்கும். இம்மனத்தாங்கல் நியாயமானதுதானா என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்த்தல் நலம். ஏனெனில் அப்பையன் முதன்முதல் பந்தைத் தொட்டது நம் பள்ளித் திடலில்தான்.

அண்மைக் காலத்தில் நம் நாட்டினர் மிகுதியாகப் பேசிய பெயர் லுக்மான் ஹக்கிம் சம்சுடின். 2002இல் கிளந்தானில் பிறந்தவர். கம்பாங்கிலுள்ள மொக்தார் டஹாரி கழகத்தில் பயின்றவர். 2018இல் நம் நாட்டிலேயே நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணப் போட்டியில் ஐந்து கோல்கள் அடித்தார். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் உலகின் சிறந்த அறுபது இளம் ஆட்டக்காரர்களைப் பட்டியலிட்டபோது அதில் அவரும் இடம்பெற்றார். அதே ஆண்டில் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கழகத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. சில விதிவிலக்குகள் நீங்கலாக, பதினெட்டு வயது நிரம்பாதவரை நாடு விட்டு நாடு மாற்றுதல் கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. ஆதலின் 2020இல்தான் அவர் அங்குச் சென்று சேர்ந்தார். அக்காலத்தில் அக்கழகத்தின் உரிமையாளர் நம் நாட்டுச் செல்வந்தர் வின்சென்ட் டான்.

பிறகு நடந்ததை நாமறிவோம். முதல் அணியில் அவர் களமிறங்கிய ஆட்டங்கள் மிகச் சில. 2023இல் ஐஸ்லாந்தின் நியார்ட்விக் கழகத்துக்கும், பின்னர் ஜப்பானின் மூன்றாம் பிரிவுக் கழகம் ஒன்றுக்கும் செல்ல நேர்ந்தது. பதினாறு வயதில் அவரைத் தோளில் தூக்கியவர்களே இருபது வயதில் தூற்றினார்கள். இத்தனைக்கும் இருபது என்பது ஒரு காற்பந்து வீரனுக்கு மீசை முளைத்த வயதேயன்றி வேறன்று.

அவர் பிறந்த அதே 2002இல் பிறந்தவர் அரிப் ஐமான் ஹனாப்பி. அவர் அயல்நாடு செல்லவில்லை. ஜொகூர் டாருல் தக்சிம் கழகத்தில் வளர்ந்து, அங்கேயே முதல் அணியில் ஆடத் தொடங்கி, 2021இல் தேசிய அணிக்கும் வந்துவிட்டார். 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணப் போட்டியில் தென்கொரியாவுடன் மூன்றுக்கு மூன்று எனச் சமன் கண்டோமே, அந்த மூன்றில் ஒன்று அவருடையது. இவ்விருவரையும் அருகருகே வைத்து, ஐரோப்பா சென்றது பிழை என்று தீர்ப்புக் கூறிவிடுவோர் உளர். அது அவசரம். ஒன்று மட்டும் சொல்லலாம்: பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரையிலான ஆண்டுகளில் ஓர் இளைஞனுக்கு மெய்யான போட்டிகளில் ஆடும் நிமிடங்கள் வேண்டும். பயிற்சித் திடலில் எத்தனை மணி நேரம் ஓடினும் அதற்கு ஈடாகாது. நீச்சலைக் கரும்பலகையில் கற்பிக்க இயலாது என்று நாம் மாணாக்கருக்குச் சொல்வதில்லையா?

இனி இவ்விஷயத்தின் வேருக்கு வருவோம். அது பன்னிரண்டு வயதில் இருக்கிறது.

நம் பள்ளிகளில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டு அமைகிறது. ஜனவரி 2ஆம் நாள் பிறந்தவனும் டிசம்பர் 28ஆம் நாள் பிறந்தவனும் ஒரே பிரிவு. இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஓர் ஆண்டு. நாற்பது வயதுக்காரனுக்கு ஓர் ஆண்டு பெரிதன்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கோ அது வாழ்நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியலாரும் அவர் துணைவர்களும் கனடா நாட்டு ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் அளவுக்கு மிஞ்சி இருக்கக் கண்டனர். பின்னர் பல நாடுகளில் இளையோர் காற்பந்திலும் இதே நிலை தெரிய வந்தது. சிறிய வேறுபாட்டைத் திறமை எனக் கருதித் தேர்ந்தெடுக்கிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டமும் கிடைக்கின்றன. அதனால் அவன் உண்மையிலேயே திறமை பெறுகிறான். நம் தேர்வு சரியே என்று நாமும் மகிழ்ந்துகொள்கிறோம்!

இதனோடு உடல் முதிர்ச்சியும் சேரும். ஆண் பிள்ளைகள் விரைந்து உயரும் பருவம் சராசரியாகப் பதின்மூன்று, பதினான்கு வயதையொட்டி வரும். சிலருக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிடும். சிலருக்குப் பதினாறு வரை தாமதமாகும். முந்தி வளர்ந்தவன் ஓட்டத்தாலும் தோள் வலிமையாலும் கோல் அடித்து விடுவான். பந்தை முதல் தொடுகையில் அடக்குதல், தலை நிமிர்ந்து நோக்குதல், இடமறிந்து நிற்றல் ஆகிய நுட்பங்கள் அவனுக்கு அப்போது தேவைப்படுவதில்லை, ஆகவே கற்பதுமில்லை. பதினெட்டில் மற்றவர் உயர்ந்து வந்து சமமானதும் அவன் கைப்பொருள் தீர்ந்து போகிறது. முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு உயரும் என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும். இங்கிலாந்தின் ஜேமி வார்டி பதினாறு வயதில், உருவம் சிறிது என்று ஷெபீல்டு வெட்னஸ்டே கழகத்தால் விடுவிக்கப்பட்டவர். 2016இல் லெஸ்டர் அணியுடன் முதற்பிரிவு வாகையர் ஆனார். அமெரிக்காவின் பிரெடி அடு 2004இல் பதினான்கு வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரராகிப் பெரும்பெயர் பெற்று, பிறகு கழகம் கழகமாக அலைந்து மங்கிப் போனார்.

வளரும் பருவத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்கால் எலும்பின் முகட்டில் வீக்கமும் வலியும் காணும் சிறுவர் பலர். எலும்பு விரைந்து நீள, தசைநார் அதனை இழுப்பதால் வருவது அது. ஆட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் காலப்போக்கில் தணியும். அவனைச் சோம்பேறி என்று திட்டி ஓடவிட்ட ஆசிரியர் உண்டு. நானும் திட்டியிருக்கிறேன்.

அதனினும் பெரிய பிழை ஒன்றும் என் கணக்கில் உண்டு. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றியபோது, மாவட்டப் போட்டிக்கு அணி திரட்டினேன். நவம்பர் மாதக் கடைசியில் பிறந்த சிறுவன் ஒருவன் இருந்தான். பால்மரக் கன்று போல ஒல்லி. பந்து அவன் காலுக்கு வந்தால் எங்குப் போக வேண்டுமோ அங்குப் போகும். அவனை மாற்று ஆட்டக்காரனாக உட்கார வைத்துவிட்டு, நெடிதுயர்ந்த ஒருவனை நடுவில் நிறுத்தினேன். கிண்ணம் கிடைத்தது. இறுதி ஆட்டம் வரை அச்சிறுவன் ஒரு நிமிடமும் ஆடவில்லை. இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் அவன் பந்தைத் தொடவில்லை என்று அவன் தாயார் பின்னொரு நாள் கடைத்தெருவில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நெடியவன் மாநில அளவு வரை போனான், பதினாறில் நின்றுவிட்டான். அக்கிண்ணத்தோடு எடுத்த நிழற்படம் இன்றும் என்னிடம் உள்ளது. ஓரத்தில் கைகட்டி நிற்பவன் அவன்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் இத்தவற்றைத் தோட்டமே ஓரளவு திருத்திவிடும். பால் நிறுத்து முடிந்தபின் ஆடவர் லயத்தையடுத்த திடலுக்கு வருவர். பன்னிரண்டு வயதுப் பையனும் முப்பது வயதுப் பால்வெட்டுத் தொழிலாளியும் ஒரே ஆட்டத்தில் இருப்பர். அங்கு வலிமையால் ஒன்றும் ஆகாது; அறிவால்தான் பந்து கிடைக்கும். யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, விலக்குவதுமில்லை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் நகரோரம் பெயர்ந்தபின் அத்திடல்களும் போயின. இன்று ஒரு சிறுவனுக்குக் கிடைக்கும் ஒரே ஆட்டம் பள்ளி ஆட்டம் என்றால், நம் தேர்வுத் தவற்றைத் திருத்த வேறு இடமே இல்லை.

மேலே செல்லும் ஏணியிலும் படிகள் உடைந்துள்ளன. 2018இல் மலேசியக் கிண்ணம் வென்ற பேராக், 2021இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 2025இல் சூப்பர் லீக் போட்டியிலிருந்தே விலகியது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாகத் தோன்றி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் பூண்டு, பி. மணியம் பயிற்சியில் உள்நாட்டு இளைஞரை நம்பி ஆடிய கழகமும் 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு விலகிக்கொண்டது. ஒரு கழகம் மூடப்படும்போது ரசிகர் இழப்பது ஒரு சனிக்கிழமை மாலை. பத்தொன்பது வயதுக்காரன் இழப்பது அவனுக்கு வேண்டிய அந்த நிமிடங்களை.

ஐரோப்பியச் சங்கம் 2006ஆம் ஆண்டுப் பருவம் முதல், ஒவ்வொரு கழகமும் உள்ளூரில் வளர்ந்தோர்க்குக் குறிப்பிட்ட இடங்களை ஒதுக்க வேண்டுமென விதித்தது. பதினைந்து முதல் இருபத்தொன்று வயதுக்குள் மூன்றாண்டு அக்கழகத்திலோ அந்நாட்டிலோ பயின்றவனே அவ்வாறு கருதப்படுவான். குடியுரிமை கணக்கில் இல்லை. வளர்ந்த இடத்தைப் பார்க்கும் விதி அது. நாமோ 2025 செப்டம்பரில், பாட்டன் பாட்டி பிறந்த இடம் பற்றிய ஆவணங்களுக்காக ஏழு ஆட்டக்காரரும் நம் காற்பந்துச் சங்கமும் ஃபிஃபாவின் தண்டனைக்கு உள்ளானதைக் கண்டோம். குறுக்கு வழி தேடியவர்கள் திடலில் நின்ற பிள்ளைகளை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

எல்லாம் இருண்டதென்று சொல்லேன். பகாவைச் சேர்ந்த எஸ். குணாளன் முதலில் ஓட்டப் பந்தய வீரர். காற்பந்துக்குப் பின்னரே முழுமையாக வந்தவர். கே. ராஜகோபால் பயிற்றுவித்து 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணம் வென்ற அணியில் அவர் இருந்தார். பன்னிரண்டு வயதுக் காற்பந்துப் பட்டியல் ஒன்றில் அவர் பெயரைத் தேடியிருந்தால் நாம் என்ன முடிவுக்கு வந்திருப்போமோ!

சென்ற வாரம் எங்கள் பள்ளி அணிக்குப் பெயர்களை எழுதினேன். எழுதியபின் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த மாதத்தைக் குறித்தேன். பெரும்பாலோர் ஆண்டின் முற்பாதியில் பிறந்தவர்களாகவே இருந்தனர். தாளை மடித்து வைத்துவிட்டு, ஆசிரியர் ஒருவரை அழைத்து, ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் பிறந்த பிள்ளைகளை மட்டும் மறுநாள் மாலை திடலுக்கு வரச் சொன்னேன்.