வைட்டமின் ஏ-யைச் சுமக்கும் புரதம்

மாலைக்கண் நோய்க்குக் காரணம் வைட்டமின் ஏ குறைவு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் சாப்பிடச் சொல்வார்கள். ஆனால் கல்லீரலில் சேர்த்துவைத்த வைட்டமின் அங்கிருந்து கண்ணுக்கு எப்படிப் போகிறது? ரெட்டினால் எனப்படும் அந்தப் பொருள் தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் அது தனியாகப் பயணம் செய்ய முடியாது. அதைச் சுமக்க ஒரு புரதம் வேண்டும்.

1968-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கனாய், ராஸ், குட்மேன் மூவரும் மனித ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வகங்களில் அதற்கு ஆர்.பி.பி. என்று பெயர். ஒரு ஆர்.பி.பி. ஒரு ரெட்டினாலைத்தான் ஏற்றிக்கொள்ளும். மிகச் சிறிய புரதம் என்பதால் தனியாகப் போனால் சிறுநீரகம் வடிகட்டிவிடும். அதனால் டிரான்ஸ்தைரெட்டின் என்ற பெரிய புரதத்தோடு சேர்ந்தே ரத்தத்தில் சுற்றுகிறது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஏற்றிக்கொள்ள ரெட்டினால் இல்லாவிட்டால் ஆர்.பி.பி. கல்லீரலை விட்டுப் பெரும்பாலும் வெளியே வராது; உள்ளேயே தேங்கிக் காத்திருக்கும். வைட்டமின் கிடைத்தவுடன் திபுதிபுவென்று ரத்தத்துக்குள் இறங்கும். பார்பரா அண்டர்வுட் குழுவினர் 1979-இல் எலிகளிடம் இதைச் சோதனை முறையாகவே ஆக்கிக் காட்டினார்கள். சிறிதளவு வைட்டமின் கொடுத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ரெட்டினால் அளவு சட்டென்று ஏறியிருந்தால் கல்லீரலில் கையிருப்பு இல்லை என்று பொருள்.

அதே அண்டர்வுட்டின் பெயர் பிறகு நம் திருச்சி மாவட்டத்து ஆய்விலும் வருகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையில் நடந்த அந்த ஆய்வு 1990-இல் வெளியானது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான 15,419 குழந்தைகள் அதில் இருந்தார்கள். தன்னார்வலர்கள் வாரந்தோறும் வீடு தேடிப் போய் மருந்து கொடுத்தார்கள். அளவு பெரிதல்ல, 8,333 யூனிட்; நல்ல சாப்பாட்டிலிருந்தே கிடைக்கக்கூடியதுதான். ஓராண்டு முடிந்தபோது, வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணைக் காக்கும் மருந்து உயிரையும் காக்கிறது என்பதை நம் கிராமத்துக் குழந்தைகளிடம் கண்டார்கள். தமிழ்நாட்டில் நடந்த இந்த வேலையை நாம் போதுமான அளவுக்குப் பேசவில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் எந்தக் குழந்தைக்குக் குறைவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. ரெட்டினாலை நேரடியாக அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டும். வெளிச்சம் பட்டால் அது கெடும். மாதிரியைக் குளிரிலும் இருட்டிலும் காத்துக் கொண்டுவர வேண்டும். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடிக்குப் போகும் வழியில், விதுராவுக்கு அப்பால் இருக்கும் கல்லாறு போன்ற மலையோரக் குடியிருப்பிலிருந்து அப்படி ரத்தம் கொண்டுவருவது எவ்வளவு பாடு! ஆர்.பி.பி. அவ்வளவு நொய்ந்ததல்ல. விரல் நுனியில் எடுத்த ஒரு துளியே போதும். 2004-இல் எர்ஹார்ட் குழுவினர் அதையும் இரும்புச்சத்து, அழற்சி ஆகியவற்றின் அடையாளங்களையும் சேர்த்து அளக்கும் மலிவான எலிசா முறையைத் தந்தார்கள்.

அந்த அளவீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க, இவ்வளவு என்று உறுதியாகத் தெரிந்த சுத்தமான ஆர்.பி.பி. கையில் இருக்க வேண்டும். எத்தனை பேரிடம் ரத்தம் வாங்கிப் பிரிப்பது? அதனால் மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி அதையே புரதம் செய்ய வைக்கிறார்கள். பாக்டீரியா நிறையச் செய்யும், ஆனால் ஒழுங்காக மடிக்காது. புரதம் கட்டிகட்டியாக உறைந்துவிடும். அதை யூரியா போன்ற கரைசலில் கரைத்து, ரெட்டினால் சேர்த்து, மூன்று கந்தகப் பிணைப்புகளும் சரியான இடத்தில் விழும்படி மெல்ல மெல்ல மடிக்க வேண்டும். வெளிச்சம் ஆகாது என்பதால் மங்கிய விளக்கில்தான் வேலை. கடைசியில் புரதம் 330, 280 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டின் விகிதம் ஒன்றை நெருங்கினால் ஏறக்குறைய எல்லாப் புரதமும் வைட்டமினை ஏற்றிக்கொண்டது என்று நிம்மதி.

இத்தனை கவனம் எதற்கு? அளவு தவறினால் முடிவும் தவறும். காய்ச்சல் கண்ட குழந்தையின் ரத்தத்தில் ஆர்.பி.பி. தானாகவே இறங்கும். புரதச் சத்தோ துத்தநாகமோ குறைந்தாலும் கல்லீரல் அதைப் போதிய அளவு செய்யாது. கையிருப்பு இருந்தும் இல்லாததுபோல் தோன்றும். அழற்சியையும் கூடவே அளந்தால்தான் கணக்கு நேராகும். 2016–18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் சுமார் 18 சதவீதம் பேருக்குக் குறைபாடு என்றது. 1970-இல் தொடங்கி இன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் சொட்டுமருந்து சிறு குழந்தைகள் எல்லோருக்கும் தருகிறோம். எல்லோருக்கும் தேவையா, தேவையுள்ள இடத்துக்கு மட்டும் போதுமா என்ற விவாதம் சத்துணவு ஆய்வாளர்களிடையே சூடாகவே நடக்கிறது. மாநிலம் மாநிலமாக, மலையடிவாரக் குடியிருப்புவரை அளந்து பார்க்காமல் மருந்தை நிறுத்துவது சரியல்ல என்பதே என் கருத்து. அளப்பதற்கு வேண்டிய புரதம் செய்வது நம்மால் ஆகாத வேலையுமல்ல. கல்லாறு இருக்கும் அதே மாவட்டத்தில் இருக்கும் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் போன்ற இடங்களில் பாக்டீரியாவைக் கொண்டு புரதம் செய்வது பழகிப்போன வேலைதான்.