மாட்சா லாட்டே: வீட்டில் கலக்கும் முறையும் கடைக்காரர் அறிய வேண்டியதும்

சில காலமாக நம் மளிகைக் கடைகளில் புதிதாக ஒரு சரக்கின் பெயர் அடிபடுகிறது. கல்லூரிப் பிள்ளைகளும், வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வந்த இளைஞர்களும், "அண்ணாச்சி, மாட்சா இருக்கா?" என்று கேட்கிறார்கள். சில்லறைக் கடை அன்பர்கள் சிலர் எங்களுக்கு ஃபோன் செய்து, "அது மசாலாவா, மருந்தா?" என்று விசாரித்தார்கள். அது தேயிலைதான். ஆனால் நாம் தலைமுறை தலைமுறையாக விற்று வரும் தேயிலைக்கு உள்ள பழக்கம் எதுவும் இதற்குப் பொருந்தாது. விற்ற பாக்கெட் இரண்டே நாளில் "கசக்கிறது, கட்டி கட்டியாக நிற்கிறது" என்று திரும்பி வருவதற்குக் காரணம் இதுவே. விலை கூடிய சரக்கு. திரும்பி வந்தால் நஷ்டமும் கூடுதல். ஆகவே கடையில் வைக்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் வீட்டில் ஒரு தடவை கலக்கிக் குடித்துப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்கிறோம். மாட்சா ஜப்பானியப் பொருள். பொடித்த தேயிலையை நீரில் அடித்துக் குடிக்கும் வழக்கம் சீனத்தில் இருந்தது. எய்சாய் என்ற பௌத்தத் துறவி 1191-ஆம் ஆண்டு சீனத்திலிருந்து திரும்பியபோது இந்த வழக்கத்தை ஜப்பானுக்குக் கொண்டு சென்றார் என்பது வரலாறு. சீனத்தில் பின்னர் அது மறைந்து போயிற்று, ஜப்பானில் நிலைத்துவிட்டது. 16-ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்பவர் அதைச் சுற்றி ஒரு தேநீர்ச் சடங்கையே ஒழுங்கு செய்தார். கியோட்டோவை அடுத்த ஊஜி, ஐச்சி மாகாணத்து நிஷியோ ஆகிய ஊர்கள் இதற்குப் பேர் போனவை.

செடி நம் நீலகிரியில் வளரும் அதே தேயிலைச் செடிதான். வேறுபாடு வளர்ப்பிலும் பக்குவத்திலும் இருக்கிறது. கொழுந்து பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே தோட்டத்துக்கு மேலே பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். முற்காலத்தில் நாணலும் வைக்கோலும் வேய்ந்தார்கள். இப்போது பெரும்பாலும் கறுப்பு வலை. நிழலில் இலையின் பச்சை கூடுகிறது. துவர்ப்பு குறைந்து, இனிப்பும் ருசியும் தரும் சத்து தங்குகிறது. பறித்த இலையை உடனே ஆவியில் காட்டி, உருட்டாமல் அப்படியே உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கிவிடுகிறார்கள். இந்த நிலையில் அதன் பெயர் தெஞ்சா. இதைக் கருங்கல் எந்திரத்தில் மெதுவாக அரைத்தால் மாட்சா. ஒரு கல் எந்திரம் ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும். ஒரு கிலோ வேண்டுமானால் ஒரு நாளும் ஒரு பொழுதும் கல் சுற்ற வேண்டும். நம் ரைஸ் மில் கணக்குக்கு இது சிரிப்பாகத் தோன்றும். வேகமாக அரைத்தால் சூடேறி மணம் போய்விடும் என்பதுதான் காரணம். மலிவான ரகங்களை வேறு எந்திரங்களில் அரைப்பதும் உண்டு.

இந்த இடத்தில் விலைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். உலகமெங்கும் கிராக்கி ஏறியதால் 2024 இறுதியில் கியோட்டோவின் பழைய தேயிலைக் கடைகளே ஓர் ஆளுக்கு இத்தனை டப்பாதான் என்று வரம்பு வைத்தன. 2025 மே மாதம் கியோட்டோ ஏலத்தில் தெஞ்சா கிலோ சராசரி 8,000 யென்னைத் தாண்டியது. நம் ரூபாயில் நாலரை ஆயிரத்துக்கு மேல். இது அரைக்காத இலையின் விலை. அரைப்புக் கூலி, டப்பா, கப்பல் அல்லது விமானக் கூலி, இங்கே தேயிலைக்கு உள்ள இறக்குமதித் தீர்வை எல்லாம் இதற்கு மேல் ஏற வேண்டும். அப்படி இருக்க, "ஜப்பான் மாட்சா, கிலோ 900 ரூபாய்" என்று ஒருவர் சாம்பிள் கொண்டு வந்தால் என்ன பொருள்?

எங்களுக்கும் இந்த யோசனை பிந்தித்தான் வந்தது. வடக்கே உள்ள ஒரு தரகர் பேச்சை நம்பி, நாங்கள் அந்த விலைக்கு 5 கிலோ வரவழைத்தோம். கண்ணாடிக் கவரில் 50 கிராம் வீதம் பாக்கெட் போட்டுச் சில கடைகளுக்கு அனுப்பினோம். போன பாக்கெட்டில் பாதிக்கு மேல் பதினைந்து நாளில் திரும்பி வந்தது. ஓர் அன்பர், "அண்ணாச்சி, என் வாடிக்கைக்காரப் பொண்ணு பெங்களூர்ல குடிச்சிருக்குது. இது அது இல்லைன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுது" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வந்தது வெயிலில் வளர்ந்த சாதாரணப் பச்சைத் தேயிலையை அரைத்த தூள். அதை விற்பது குற்றமல்ல. மாட்சா என்று சொல்லி விற்றது எங்கள் தவறு. சீனத்திலும் நிழல் கட்டி வளர்த்து அரைத்த மாட்சா இப்போது பெருமளவில் தயாராகிறது. அதன் விலை குறைவு. சீனச் சரக்கு என்று சொல்லியே அதை விற்கலாம்.

அசலைப் பார்த்து அறிவது கடினமல்ல. வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை வைத்து விரலால் இழுத்துப் பாருங்கள். நல்ல மாட்சா முகப் பவுடர் போல வழுக்கிக்கொண்டு நீளமாக வரும். நிறம் இளம் நெற்பயிர் போலப் பளிச்சென்ற பச்சை. சாதாரணத் தூள் நறநறவென்று இருக்கும். நிறம் காய்ந்த மருதாணிப் பொடி போல மஞ்சள் கலந்து மங்கியிருக்கும். டப்பாவின் பின்பக்கமும் படியுங்கள். சேர்மானத்தில் சர்க்கரை, பால் பவுடர் எல்லாம் இருந்தால் அது கலவைத் தூள். அதற்குத் தனி விலை. "சடங்குத் தரம்", "சமையல் தரம்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இவை வியாபாரப் பெயர்களே. ஜப்பானிய அரசு வகுத்த தரம் எதுவும் இவற்றுக்குப் பின்னால் இல்லை. பாலில் கலக்க நடுத்தர ரகம் போதும். மிக உயர்ந்த ரகத்தின் நுண்ணிய ருசி பாலில் அமுங்கிப் போகும். அதை வெந்நீரில் மட்டும் அடித்துக் குடிக்கிறவர்களுக்கு விற்கலாம்.

இனி, கலக்கும் முறை. லாட்டே என்றால் இத்தாலிய மொழியில் பால் என்றுதான் பொருள். ஜப்பானியச் சடங்கில் மாட்சாவுக்குப் பால் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. பால் சேர்த்தது காபிக் கடைக்காரர்களின் வேலை. அங்கே ஒரு கோப்பை இருநூறு, முந்நூறு என்று விற்பதால்தான் பிள்ளைகள் வீட்டில் கலக்கத் தூள் தேடி வருகிறார்கள். 30 கிராம் டப்பா 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பைக்கு 2 கிராம் வீதம் 15 கோப்பை. கோப்பைக்கு 60 ரூபாய். பாலும் சர்க்கரையும் சேர்த்தாலும் காபிக் கடை விலையில் பாதிக்குக் கீழ்தான். இந்தக் கணக்கைச் சொன்னால் வாங்க வந்தவர் விலையைக் கேட்டு மலைப்பதில்லை.

எங்கள் வீட்டில் முதல் நாள் நடந்ததைச் சொன்னால் முறை எளிதாக விளங்கும். வீட்டம்மா வழக்கப்படி பாலை அடுப்பில் வைத்து, தூளைப் போட்டு, இரண்டு கொதி விட்டு, வடிகட்டியில் வடித்தார். தூளில் பாதி கட்டி கட்டியாக வடிகட்டியில் நின்றுவிட்டது. கீழே இறங்கியது வேப்பிலைக் கஷாயம் போல் கசந்தது. பேத்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "தாத்தா, இதை டீ மாதிரி போடக் கூடாது" என்று சொல்லி, மறுநாள் அவளே கலக்கிக் காட்டினாள். டீயைக் கொதிக்க வைத்துச் சாறு இறக்கி, சக்கையை எறிகிறோம். மாட்சாவில் சக்கை என்று ஒன்று கிடையாது. இலை முழுவதையும் குடிக்கிறோம். அதனால் கொதியும் கூடாது, வடிப்பும் கூடாது.

தலை தட்டிய ஒரு சிறு கரண்டி மாட்சா, அதாவது 2 கிராம் எடுத்து, நுண்ணிய டீ வடிகட்டி வழியாகக் கோப்பைக்குள் சலியுங்கள். சலிப்பது தூளை மட்டும், நீர் சேர்க்கும் முன்பு. மிக நயமான தூள் ஆகையால் ஈரம் படாமலே ஒட்டிக் கட்டி கட்டும். சலிக்காமல் நீர் விட்டால் அந்தக் கட்டி எதற்கும் கரையாது. அடுத்து வெந்நீர். கொதித்த நீரை நேரே ஊற்றினால் துவர்ப்பு இறங்கிக் கசக்கும். 75 முதல் 80 டிகிரிச் சூடு வேண்டும். வீட்டில் வெப்பமானி யாரிடம் இருக்கிறது? ஜப்பானியர் வழக்கம் நமக்கும் கைவந்ததே: கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். டம்ளரும் டபராவும் வைத்து இரண்டு தடவை மாற்றினால் கணக்குச் சரியாகிவிடும்.

அந்த நீரில் முதலில் இரண்டு கரண்டி மட்டும் விட்டுக் குழம்பு போல் இழையுங்கள். பின்பு 50 மில்லி அளவுக்கு நீர் சேர்த்து அடியுங்கள். ஜப்பானியர் இதற்கு ஒரே மூங்கில் கணுவைக் கீறிச் செய்த சிறு மத்தை வைத்திருக்கிறார்கள். சாசென் என்று பெயர். நாரா மாகாணத்து தகயாமா என்ற ஊரில் செய்வது பெயர் பெற்றது. அது இல்லை என்றால் காபி நுரைக்க விற்கும் பேட்டரி மத்து போதும். நம் மோர் மத்து கோப்பைக்குள் சுழல இடம் இல்லாமல் மாட்டிக்கொள்கிறது, நாங்கள் பார்த்துவிட்டோம். மூங்கில் மத்தை மோர் கடைவது போல் வட்டமாகச் சுற்றாமல், மணிக்கட்டை மட்டும் ஆட்டி முன்னும் பின்னுமாக வேகமாக இழுக்க வேண்டும். மேலே மெல்லிய நுரை கட்டினால் சரி. எதுவும் இல்லாதவர்கள், மூடி இறுகிய பாட்டிலில் தூளும் ஆறிய நீரும் விட்டு ஒரு நிமிடம் குலுக்கலாம். வெந்நீரைப் பாட்டிலில் மூடிக் குலுக்க வேண்டாம். ஆவி மூடியைத் தள்ளிவிடும்.

பாலைத் தனியே காய்ச்சி, குடிக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஆடையை எடுத்துவிட வேண்டும். ஒரு கோப்பைக்கு 150 மில்லி. நுரைக்கு எந்திரம் தேவையில்லை. டம்ளர் டபராவில் உயர்த்தி நாலு ஆற்று ஆற்றினால் காபிக் கடை நுரை வந்துவிடும். இதில் மட்டும் நம் ஊர்க் கை அவர்களுக்குக் குறைந்ததில்லை. பாலை அடித்து வைத்த மாட்சாவின் மேல் மெதுவாக ஊற்றிக் கலக்கவும். நெருப்பு வேண்டியது பாலுக்கும் நீருக்கும் மட்டுமே. கலந்த பிறகு அடுப்பில் ஏற்றக் கூடாது. இனிப்புக்கு வெள்ளைச் சர்க்கரை அல்லது தேன் நன்று. நாட்டுச் சர்க்கரை போட்டால் ருசி கெடாது, ஆனால் நிறம் சேறாகிவிடும். பச்சை நிறத்துக்காகவே வாங்குகிறவர் முகம் சுளிப்பார். கோடையில், அடித்த மாட்சாவை ஐஸும் குளிர்ந்த பாலும் நிறைந்த டம்ளரில் மேலாக ஊற்றிக் கொடுக்கலாம். இளையவர்கள் அதிகம் விரும்புவது இதைத்தான். பால் ஆகாதவர்கள் பாதாம் பால், ஓட்ஸ் பால் சேர்ப்பதுண்டு.

கடைக்காரர் இன்னும் ஒன்றிரண்டு சொல்லி வைக்க வேண்டும். இலை முழுவதும் உள்ளே போவதால், 2 கிராமில் 60 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருக்கும். இரவில் குடித்தால் தூக்கம் கெடும்; கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சாப்பாட்டோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்க வேண்டாம். "உடல் இளைக்கும், சர்க்கரை தீரும்" என்று கடையில் அட்டை எழுதி மாட்டாதீர்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இறக்குமதி டப்பாவில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உரிம எண், அதிகபட்ச சில்லறை விலை, உபயோகக் கெடு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இருப்பு வைப்பதுதான் பெரிய கண்டம். வெளிச்சம், சூடு, ஈரம், காற்று நான்கும் மாட்சாவுக்குப் பகை. கூடவே பிற சரக்கின் வாசனையும். இரண்டாம் முறை நாங்கள் நல்ல டப்பாக்களே வாங்கினோம். அதில் ஒன்றைச் சாம்பிள் காட்டப் பிரித்து, பையன் கைக்கு எட்டும் இடம் என்று பெருங்காய டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். பத்தாம் நாள் அதில் ரசம்தான் வைக்க முடியும் போலிருந்தது. ஆகவே கண்ணாடி ஜாடியில் கொட்டி அழகுக்கு வைக்க வேண்டாம். சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதும் வேண்டாம். 30 கிராம் மூடிய டப்பா, ஒரு தடவைக்கு ஆறு என்ற அளவில் எடுத்து, தீர்ந்தபின் மறுபடி எடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் இருப்புத் தாங்கும்; ஆனால் வெளியே எடுத்தவுடன் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துத் தூள் கட்டிவிடும். பிரித்த டப்பாவை ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்லுங்கள்.

அந்த முதல் 5 கிலோ என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: திரும்பி வந்தவற்றையும் சேர்த்து நாலு கிலோ மீந்தது. "பச்சைத் தேயிலைத் தூள்" என்று உள்ளபடி பில் எழுதி, வந்த விலைக்கும் குறைத்து, பிஸ்கட்டில் சேர்க்க ஒரு பேக்கரிக்காரருக்குக் கொடுத்தோம்.