தூங்காத காவல்காரன்! குற்றாலத்தில் ஒரு சோதனை

குற்றாலம் மெயினருவியில் குளித்தவர்களுக்கு அந்த வளைவைத் தெரியும். தண்ணீர் வளைவுக்குள் விழுந்தால் ஆனந்தம். வளைவைத் தாண்டி விழுந்தால் ஆபத்து.

தாண்டியதும் போலீசார் விசில் ஊதுவார்கள். எல்லோரும் வெளியேற வேண்டும். குளிக்கத் தடை!

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு வளைவு போடலாம். விசில் ஊத ஒரு காவல்காரனையும் வைக்கலாம். சம்பளம் இல்லை. சாப்பாடு இல்லை. தூக்கமும் இல்லை!

அதைத் தென்காசியில் படித்த ஒரு பெண், தன் தந்தையின் விடுதிக்காக வைத்துப் பார்த்தாள். நாமும் உடன் இருந்து பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை இரவு

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் இருக்கிறது அந்தச் சிறிய விடுதி. மொத்தம் பத்து அறைகள். விடுதிக்காரரை எல்லோரும் "அண்ணாச்சி" என்றுதான் அழைக்கிறார்கள்.

"எங்களுக்கு சீசன் மூணு மாசம், சார். அதுல சம்பாதிச்சாத்தான் மிச்ச ஒன்பது மாசம் ஓடும்" என்றார் அண்ணாச்சி.

அவருடைய விடுதிக்கு ஒரு இணையப் பக்கம் உண்டு. சென்னையில் இருப்பவரும் மதுரையில் இருப்பவரும் அதைப் பார்த்துத்தான் அறை பதிவு செய்கிறார்கள்.

போன சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பக்கம் படுத்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை நண்பகலில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போனில் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அருவியில் நல்ல தண்ணீர். ஊரெல்லாம் கூட்டம். அண்ணாச்சியின் விடுதியில் மட்டும் ஆறு அறைகள் காலி! அந்த மாதம் கடன் தவணை கட்டக் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

சர்வர் என்றால் யார்?

சர்வர் என்றதும் ஓட்டலில் தோசை கொண்டுவருபவர் நினைவுக்கு வரும். அது தவறே அல்ல. இந்தச் சர்வருக்கும் அதே வேலைதான்.

நீங்கள் செல்போனில் ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள். எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் அதை எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர்தான் சர்வர்.

சொந்தமாக வாங்கினால் செலவு அதிகம். ஆகவே பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் ஒரு பகுதியை மாத வாடகைக்கு எடுக்கிறார்கள். அதற்குப் பெயர் "மேகம்". குற்றால மலையில் தவழுகிற மேகம் அல்ல; வாடகைக் கம்ப்யூட்டர்!

ஓட்டல் சர்வர் சமையலறையில் மயங்கி விழுந்தால், கல்லாவில் இருக்கும் முதலாளிக்கு உடனே தெரியாது. சாப்பிட வந்தவர் பொறுத்துப் பார்ப்பார். பிறகு எழுந்து அடுத்த ஓட்டலுக்குப் போய்விடுவார். அண்ணாச்சிக்கு நடந்ததும் அதுதான்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை

காவல் சேவை தரும் நிறுவனங்கள் பல உண்டு. சிறு அளவில் இலவசமாகவே தருகிறவர்களும் உண்டு. அண்ணாச்சியின் மகள் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

பெயரைப் பதிவு செய்தாள். விடுதிப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அதிலிருந்து அந்தச் சேவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை விடுதிப் பக்கத்தின் கதவைத் தட்டுகிறது. ஒரு நாளைக்கு 288 தடவை! "200" என்ற எண் பதிலாக வந்தால் நலம். "503" வந்தால் சர்வரால் இப்போது வேலை செய்ய முடியவில்லை என்று பொருள். பதிலே வராவிட்டால் இன்னும் மோசம்.

இது வெளியில் இருந்து பார்க்கும் காவல். உள்ளே இருந்து பார்க்கவும் வழி உண்டு. ஒரு சிறு நிரலைச் சர்வருக்குள் வைத்தால், நினைவகம் எவ்வளவு நிரம்பியது, சேமிப்பு இடம் எவ்வளவு மிச்சம் என்றெல்லாம் கணக்குச் சொல்லும். சேமிப்பு இடம் 80 சதவீதம் நிரம்பினால் விசில் ஊத வேண்டும் என்று மகள் வளைவு போட்டாள்.

வேண்டுமென்றே நிறுத்தினோம்

காவல்காரன் விழித்திருக்கிறானா என்று பார்க்க வேண்டாமா? கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 4 மணி 10 நிமிடத்துக்குச் சர்வரை நாங்களே நிறுத்தினோம்.

காத்திருந்தோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை.

"இலவசம்னா இப்படித்தான் இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

மகள் சேவையின் கணக்கைத் திறந்து பார்த்தாள். 4 மணி 16 நிமிடத்துக்கே செய்தி அனுப்பியாகிவிட்டது! ஐந்து நிமிடச் சுற்றில் ஒரு தடவை தட்டி, பதில் இல்லை என்றதும் வேறொரு ஊரில் இருந்தும் தட்டிப் பார்த்து, உறுதி செய்துகொண்டு அனுப்பியிருக்கிறது.

செய்தி எங்கே போயிற்று? அண்ணாச்சியின் மின்னஞ்சலுக்கு! அதை அவர் திறந்து மாதக்கணக்கு ஆகிறது.

மணி அடித்தது. கேட்கத்தான் ஆள் இல்லை!

உடனே மகள் மாற்றினாள். செய்தி இருவர் செல்போனிலும் சத்தத்தோடு வரும்படி செய்தாள். மறுபடியும் நிறுத்திப் பார்த்தோம். இந்தத் தடவை அண்ணாச்சியின் சட்டைப்பையே அலறியது.

இரவு 11.30 மணி

மூன்றாம் நாள் இரவு 11.30 மணிக்கு நிஜமாகவே விசில் ஊதியது.

"இந்த நேரத்துல யாரு போன்ல?" என்று தாயார் கேட்டார்.

"யாரும் இல்லம்மா. சர்வர் கூப்பிடுது" என்றாள் மகள்.

சேமிப்பு இடம் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. யார் வந்தார், எதைக் கேட்டார் என்று சர்வர் தானே எழுதி வைக்கும் குறிப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. இடம் முழுதும் நிரம்பினால் புதிய பதிவை எழுத முடியாமல் விடுதிப் பக்கம் நின்றுவிடும். பழைய குறிப்புகளை அழித்தாள். அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாயிற்று.

போன வருடம் நடந்ததும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும் என்கிறாள் அவள்.

காவல்காரன் எங்கே நிற்க வேண்டும்?

காவல்காரன் அதே கட்டிடத்துக்குள் நின்றால் போதாது. கட்டிடத்துக்கே ஆபத்து வந்தால் அவனும் சேர்ந்து மாட்டிக்கொள்வான்.

2025 அக்டோபர் 20-ந் தேதி அமேசான் நிறுவனத்தின் மேகச் சேவை அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியில் பழுதுபட்டது. உலகெங்கும் பல செயலிகள் நின்றன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி! ஆகவே சர்வர் ஒரு நிறுவனத்திடம் இருந்தால், காவல் இன்னொரு நிறுவனத்திடம் இருப்பது நல்லது.

இந்தத் தொழில் தென்காசிக்கு அந்நியமும் அல்ல. ஸ்ரீதர் வேம்புவின் சோஹோ நிறுவனம் தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011-ல் அலுவலகம் தொடங்கியது. "சைட் 24-7" என்ற காவல் சேவை அந்த நிறுவனத்துடையதுதான்.

99 சதவீதம் போதுமா?

பரீட்சையில் 99 வாங்கினால் பாராட்டுவோம். சர்வருக்கு அது போதாது. 99 சதவீத நேரம் ஓடினால், வருடத்தில் மூன்றரை நாளுக்கு மேல் படுத்திருக்கிறது என்று கணக்கு. 99.9 சதவீதம் என்றால் சுமார் 8 மணி 45 நிமிடம். அந்த நேரம் சீசனில் ஒரு சனிக்கிழமையாக அமைந்தால்?

கவனிக்க வேண்டியவை

இலவசச் சேவைக்கு எல்லை உண்டு. சில பக்கங்களை மட்டுமே பார்க்கும். நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கவும் டெலிபோனில் அழைக்கவும் பெரும்பாலும் பணம் கேட்பார்கள். வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று விதியைப் படித்துக்கொள்ள வேண்டும்.

வெளியில் இருந்து தட்டிப் பார்க்கக் கடவுச்சொல் தேவையே இல்லை. கேட்டால் கொடுக்காதீர்கள். சர்வருக்குள் வைக்கும் நிரலை நம்பிக்கையான இடத்தில் இருந்து மட்டும் எடுங்கள்.

விசில் ஊதினால் போதாது

2024 மே 17-ந் தேதி பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். ஒரு சிறுவனின் உயிர் போயிற்று. அந்தத் துயரத்தையும் ஒரு விடுதியின் நஷ்டத்தையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

ஆனால் மலையடிவாரத்து மக்கள் அறிந்த பாடம் ஒன்று உண்டு. வெள்ளம் மேலே புறப்பட்டதைக் கீழே இருப்பவன் அறிய வேண்டும். அறிந்ததும் அசைய வேண்டும்.

அண்ணாச்சி இப்போது செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். விடைபெறும்போது சொன்னார்:

"அருவியில விசில் ஊதினா சின்ன வயசுல இருந்தே ஓடி வந்துருவேன், சார். இனிமே இந்த விசிலுக்கும் எந்திரிக்கணும். அவ்வளவுதான்!"