வேலியே பயிரை மேய்ந்தால்...

காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது தண்ணீரில் ரத்தம் கலந்து வருகிறதா, சகோதரிகளே? "உஷ்ணம்" என்று சொல்லி மோரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்து விடாதீர்கள். உங்கள் ஈறுக்குள் ஒரு யுத்தம் நடப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். வலி இராது, ஆகையால்தான் பலரும் அதைக் கவனிப்பதில்லை.

யுத்தம் யாருக்கும் யாருக்கும்? ஒரு பக்கம், பல்லின் அடியோரத்தில் வழுவழுவென்று படியும் கிருமிப் படலம். மறு பக்கம், நம் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள். 1882-ல் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப், நட்சத்திர மீனின் குஞ்சு உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன! உடலின் காவற்படையை இப்படிக் கண்டறிந்தவருக்கு 1908-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நம் ஈறுக்கு முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள். பிறவியிலேயே இவை மிகவும் குறைந்திருக்கும் குழந்தைகளுக்கு இளம் வயதிலேயே ஈறு கெட்டுப் பல் ஆடுவதுண்டு. ஆகவே இந்தக் காவலர்கள் இல்லாமல் முடியாது. ஆனால் கிருமிப் படலத்தை அகற்றாமலே விட்டு வைத்தால் யுத்தமும் ஓய்வதில்லை. கிருமிகளைக் கொல்ல இவை கக்கும் ரசாயனங்கள் ஈறின் நார்களையும் அரிக்கின்றன. பின்னால் வந்து சேரும் வேறு வெள்ளணுக்களோ, எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டி விடுகின்றன. பல்லைத் தாங்கும் தாடையெலும்பு சிறுகச் சிறுகக் கரைகிறது. வேலியே பயிரை மேய்கிற கதைதான்!

எல்லோருக்கும் இது ஒரே மாதிரி நேருமா? பல் சுத்தத்துக்கு வழக்கமான ஏற்பாடு ஏதுமில்லாத 480 இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை, ஹரால்ட் லோ என்ற நிபுணரின் குழுவினர் 1970 முதல் 15 ஆண்டுகள் பரிசோதித்து வந்தார்கள். 1986-ல் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு நோய் வெகு வேகமாக முற்றியது. 81 பேருக்கு மிதமாக வளர்ந்தது. 11 பேருக்கோ ஈறு அழற்சியோடு நின்று விட்டது. அழுக்கு எல்லோர் பல்லிலும் இருந்தது, விளைவுதான் வேறு! கிருமியை எதிர்க்கும் விதம் உடலுக்கு உடல் மாறுவது இதற்கு முக்கியமான ஒரு காரணம். நீரிழிவும் புகையிலையும் நோயை முற்றச் செய்கின்றன. கர்ப்ப காலத்திலும் ஈறு சுலபமாக வீங்கும்.

ஆறுதலான செய்தியும் உண்டு. இதே லோ, 1965-ல் டென்மார்க்கில் நடத்திய பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். ஆரோக்கியமான 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் அனைவருக்கும் ஈறு அழன்றது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் குணமாயிற்று!

ஆகவே ரத்தம் வருகிறதென்று பயந்து அந்த இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள். அதுதான் பெரிய தவறு. மிருதுவான பிரஷ்ஷால் காலையிலும் இரவிலும் ஈறோரமாகத் துலக்குங்கள். பல்லிடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள். காரை கட்டியிருந்தால் பல் வைத்தியரிடம்தான் போக வேண்டும். கரைந்த எலும்பு தானாக வளர்ந்து விடாது. வீட்டிலுள்ள எல்லோருடைய உடம்பையும் கவனிக்கும் நீங்கள், இரவில் அடுக்களை விளக்கை அணைத்த பிறகு உங்கள் பல்லுக்கென்று இரண்டு நிமிஷம் ஒதுக்கக் கூடாதா?