மெஷின் இருந்தும் ஏன் வயிற்றுப்போக்கு?

போன ஆடி மாசம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு, மேடவாக்கத்திலிருந்து என் மகள் போன் செய்தாள். "அம்மா, குட்டிக்குக் காலையிலேருந்து எட்டு தடவை போயிடுச்சும்மா. கண்ணெல்லாம் உள்ளே போன மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம்" என்றாள். குட்டிக்கு அப்போது பத்து மாதம். திருச்சி உறையூரில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

நான் போனபோது குழந்தைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா, "குடிக்கிற தண்ணி எப்படி?" என்று கேட்டார். என் மகளுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல ஆர்.ஓ. மெஷின் இருக்கு டாக்டர்!" என்றாள்.

"சரிம்மா. மெஷின்லேருந்து வந்த பிறகு அந்தத் தண்ணி எங்கே இருக்கு? யார் யார் கை அதுல படுது?"

மகள் வாயடைத்துப் போனாள். எனக்கும் அந்தக் கேள்வி மனசில் தைத்துவிட்டது.

இரண்டாம் நாள் குழந்தை தேறி வீடு வந்ததும், சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். மெஷினிலிருந்து பிடித்த தண்ணீர் ஒரு எவர்சில்வர் டிரம்மில் இருந்தது. மூடி பாதி திறந்தபடி! வருகிறவர் போகிறவர் எல்லாரும் டம்ளரோடு கையையும் விட்டு மொள்கிறார்கள். குழந்தையின் பால் பாட்டிலைக் கடைசியாக அலசுவது சாதாரணக் குழாய்த் தண்ணீரில். அந்தத் தண்ணீர் வருவதோ, மூடி விரிசல் விட்ட சம்ப்பிலிருந்து. அது கழிவுநீர்க் குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது!

மாப்பிள்ளை மூன்று சோதனை பாட்டில்கள் வாங்கி வந்தார். நம் நாட்டு விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட எளிய சோதனைதான் இது. தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கழிவின் கிருமி கலந்திருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். மெஷின் வாயிலிருந்து நேராகப் பிடித்தது கறுக்கவில்லை. சம்ப்புத் தண்ணீர் கறுத்தது. டிரம் தண்ணீரும் மை மாதிரி கறுத்துப் போயிற்று! ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து மெஷின் சுத்தம் செய்த தண்ணீரை, நாமே கையை விட்டுக் கெடுத்திருக்கிறோம்.

உப்பு வேறு, கிருமி வேறு

சகோதரிகளே, மெஷின் வாங்குமுன் இந்த ஒன்றை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பு ஒரு பிரச்னை. கண்ணுக்குத் தெரியாத கிருமி வேறொரு பிரச்னை. டி.டி.எஸ். மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி விற்கிறார்களே, அது காட்டுவது உப்பின் அளவை மட்டும்தான். கிருமி அதன் கண்ணுக்குத் தெரியாது. மீட்டரில் 100 காட்டும் தண்ணீரிலும் காமாலைக் கிருமி இருக்கலாம்.

இந்தியத் தர நிர்ணயத்தின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி, குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம். மகள் வீட்டு போர் தண்ணீரில் 1450 காட்டியது. உறையூரில் எங்கள் வீட்டுக்கு வரும் காவிரித் தண்ணீரில் 300-க்குப் பக்கம்தான். அவள் வீட்டுக்கு வேண்டியது என் வீட்டுக்கு எதற்கு?

ஆனால் எங்கள் வீட்டுக்கும் ஒருவர் விற்க வந்தாரே! இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கம்பிகள் வைத்த கருவியை முக்கிக் கரண்ட் கொடுத்தார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகி அழுக்கு மிதந்தது. மெஷின் தண்ணீர் அப்படியே இருந்தது. "பாருங்கம்மா, இதைத்தான் குடிக்கிறீங்க" என்றார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பிறகு என் தம்பிதான் விளக்கினான். அவன் கெமிஸ்ட்ரி வாத்தியார். "அக்கா, உப்பு இருக்கிற தண்ணியில கரண்ட் பாயும். பாய்ஞ்சா அந்த இரும்புக் கம்பிதான் கரைஞ்சு துருவா மிதக்கும். அழுக்கு கம்பியோடது, உன் தண்ணியோடது இல்லே!" இந்த வித்தைக்கு நீங்களும் ஏமாறாதீர்கள்.

எது எதற்கு உதவும்?

கொதிக்க வைப்பது: கிருமிக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடியபடியே ஆற விடுங்கள். வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் இருந்தால் ரொம்ப நல்லது. உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் இதில் போகாது. கேஸ் செலவு உண்டு.

கேண்டில் ஃபில்டர்: மண், கலங்கல் போகும். பாக்டீரியாவும் பெரும்பாலும் தங்கிவிடும். காமாலை வைரஸ் போன்ற நுண்ணியவை தப்பிவிடும். ஆகவே வடிகட்டிய பிறகு கொதிக்க வைக்க வேண்டும். கேண்டிலைச் சோப்புப் போடாமல் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். விரிசல் கண்டால் உடனே மாற்றுங்கள்.

யு.வி. மெஷின்: புற ஊதா வெளிச்சத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்கிறது. உப்பு அப்படியே இருக்கும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவாது. கரண்ட் வேண்டும், விளக்கை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். டி.டி.எஸ். குறைவான ஆற்றுத் தண்ணீருக்கு இது போதும்.

ஆர்.ஓ. மெஷின்: உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றைக் குறைப்பது இதுதான். போர் தண்ணீர் வீடுகளுக்கு உதவும். ஆனால் கால்சியம், மக்னீசியமும் கூடவே போகும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவாக வெளியேறும். டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் கூறியிருக்கிறது. கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க, கக்கூஸ் கழுவப் பயன்படுத்துங்கள். உப்பு அதிகம், செடிகளுக்கு ஊற்றாதீர்கள்.

சந்தேகமாக இருக்கிறதா? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். மெஷின் விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

மெஷினுக்குப் பிறகுதான் நம் வேலை

மேடவாக்கத்தில் சம்ப்பை இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மூடியை மாற்றினார்கள். பழைய டிரம் அரிசி கொட்டி வைக்கப் போய்விட்டது. அதன் இடத்தில் குழாய் வைத்த டிரம் வந்தது. கை விட வழியே இல்லை. வாரம் இரு முறை அதைக் கழுவிக் காய வைக்கிறார்கள். குட்டிக்கு மட்டும் மெஷின் தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆற்றித்தான் தருகிறார்கள். பால் பாட்டிலைத் தூக்கிப் போட்டாயிற்று, கிண்ணமும் ஸ்பூனும்தான். அவற்றையும் வெந்நீரில் போட்டு எடுக்கிறார்கள்.

இளம் தாய்மார்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. ஆறு மாதம் முடியும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தனியாகத் தண்ணீரே வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கண் உள்வாங்கினாலோ, மூத்திரம் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

என் மாமியார் உயிரோடு இருந்தவரை, குளிக்காமல் யாரையும் குடிதண்ணீர்க் குடத்தைத் தொட விடமாட்டார். அந்தக் காலத்தில் அதை வெறும் கெடுபிடி என்று நினைத்து முணுமுணுத்திருக்கிறேன். இப்போது மகள் வீட்டுக்குப் போனால், "கை கழுவிட்டுத் தண்ணி பிடிங்க" என்று நானே எல்லாரையும் விரட்டுகிறேன்.

குட்டி நடக்கத் தொடங்கிவிட்டாள். போன வாரம் போனில் மழலையாக, "பாத்தி, தண்ணி" என்றாள். "கொதிக்க வெச்சதா?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது!